வரிசையில் நிற்கும் பாட்டி: ஊழலும் முதியோர் உடல்நலமும்



இந்த மாதப் பாடத்துக்கு ஆசிரியர் குழு எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு சொல்: ஊழல். ரெண்டு நாளா ஒண்ணும் ஓடல. ஊழல் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கோர்ட் வாசல், கேமரா, கோடிக்கணக்கான வெள்ளி. அதைப் பற்றி எழுத நான் ஆள் இல்லை. நான் ஸ்கூடாயில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறவன். அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். என் பாட்டியின் கண்ணிலிருந்து.

பாட்டிக்கு வயது 74. கூலாய் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. போன வருஷம் இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவைக்குக் கொடுத்த தேதி ஐந்து மாதம் கழித்து. அப்பா சரி என்று விட்டுவிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பாட்டி அடுப்பைத் தடவித் தடவிப் பற்ற வைப்பதைப் பார்த்துக்கொண்டு ஐந்து மாதம் எப்படி இருப்பது?

நம்ம ஊரில் இதற்கு ஒரு கேள்வி இருக்கிறது, உங்களுக்கும் தெரியும்: "கேபிள் இருக்கா?" எனக்குக் கேபிளாக வந்தார் ஒரு அண்ணன். உள்ளே ஆள் தெரியும், காப்பி காசு 150 வெள்ளி கொடுத்தால் தேதியை முன்னால் தள்ளிடலாம் என்றார். பகுதி நேர வேலையில் சேர்த்த காசு கையில் இருந்தது. கொடுத்தேன். ஆறு வாரத்தில் தேதி வந்துவிட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள் பெரிய சாதனை செய்த மாதிரி இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

அறுவைக்கு முந்தின பரிசோதனை நாளில் பாட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு தாத்தா. வலது கையில் மாவுக்கட்டு. பாட்டி விசாரித்தார். "படி தெரியலம்மா, விழுந்துட்டேன்" என்றார். அவருக்கும் புரைதான். அவருடைய தேதி ஒரு முறை தள்ளிப் போய்விட்டதாம், ஏன் என்று யாரும் சொல்லவில்லையாம். நான் போனைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அவர் தேதி என்னால்தான் தள்ளிப்போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. யாரோ வர முடியாமல் போய் அந்த இடம் தானாகவே காலியாகி இருக்கலாம். அந்த அண்ணனுக்கு உள்ளே யாரையுமே தெரியாமல், வீசுகிற காற்றுக்கு என்னிடம் கட்டணம் வாங்கியிருக்கலாம். ஆனால் நான் காசு கொடுத்தது எதற்கு? வேறு ஒருவரின் இடத்தை எடுத்துத் தரச் சொல்லித்தான். அது நடந்ததா இல்லையா என்பது என் குற்றத்தைக் குறைக்காது.

சில மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் அதே அண்ணன் பாட்டியிடம் வந்து, "பேரன் நல்லா செலவு பண்ணித்தான் உங்க கண்ணைப் பார்த்தாப்ல" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் காரில் பாட்டி ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும் கேட்டார்: "அது யாரோட நாளுடா அய்யா?"

இதுதான் இந்தப் பாடம் வந்த கதை. இனி படிப்புக்கு வருவோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. எண்கள் நான் கணக்குக்காக வைத்தவை. 600 பேர் அறுவைக்குக் காத்திருக்கிறார்கள், ஒரு நாளைக்கு 20 பேருக்கு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையின் கடைசி ஆளுக்கு 30 வேலை நாளில் முறை வரும். அந்த 20 இடத்தில் 4 இடத்தைத் தினமும் யாரோ காசுக்கு விற்கிறார்கள் என்றால், வரிசைக்கு மிச்சம் 16. 600-ஐ 16-ஆல் வகுத்தால் 37.5 நாள். டாக்டர் கூடவில்லை, கட்டில் கூடவில்லை, ஒரு லென்ஸ்கூடக் கூடவில்லை. ஏழரை நாள் யாரிடமிருந்தோ எடுத்து யாருக்கோ விற்கப்பட்டிருக்கிறது. வாங்கியவனுக்குத் தான் முன்னேறியது மட்டும் கண்ணுக்குத் தெரியும். பின்னால் தள்ளப்பட்டவர்களை அவன் பார்ப்பதே இல்லை. நான் பார்த்தது தற்செயல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காசு இருக்கிறவன், மலாயில் ஃபாரம் நிரப்பத் தெரிந்தவன், கார் ஓட்டும் பேரன் இருக்கிறவன் எல்லாம் ஒவ்வொருவராக வரிசையிலிருந்து நழுவிவிடுவார்கள். கடைசிவரை நிற்பது யார்? தனியாக இருக்கிற, படிக்காத, வயதான ஆள்தான்.

ஏழரை நாள் தாமதம் எனக்கும் உங்களுக்கும் பெரிய விஷயமில்லை. வயதான உடம்புக்கு அது வேறு. எங்கள் பாடத்தில் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி என்று ஒன்று உண்டு. பத்து டன் தாங்க வேண்டிய தூக்கியை இருபது, முப்பது டன் தாங்கும்படி கட்டுவோம். எதிர்பாராத சுமை வந்தாலும் உடையக் கூடாது என்பதற்கு அந்த உபரி. இருபது வயதில் நம் இதயம், நுரையீரல், கிட்னி எல்லாம் இப்படி உபரியோடுதான் இருக்கின்றன. நாற்பதைத் தாண்டினால் கிட்னி ரத்தத்தை வடிகட்டும் அளவு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். எழுபதில், அதுவும் இனிப்பு நீரோடு, உபரி கிட்டத்தட்டத் தீர்ந்திருக்கும். அந்த நிலையில் மூன்று வாரம் மருந்து இல்லை என்றாலோ, பரிசோதனை தள்ளிப் போனாலோ, புரையோடு இன்னும் கொஞ்ச நாள் படி ஏறி இறங்கினாலோ உடையும். இடுப்பெலும்பு முறிந்த வயதானவர்களில் பலர் அதற்குப்பின் பழையபடி நடப்பதே இல்லை.

நம் சமூகத்துக்கு இது இன்னும் நெருக்கமான கணக்கு. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டு இந்தியர்களில் 18 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. எல்லா இனங்களிலும் அதிகம் நமக்குத்தான். 2030 வாக்கில் நாட்டு மக்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்களாக இருப்பார்கள் என்று கணிக்கிறார்கள். இன்றைக்கு சமய வகுப்பில் நமக்குத் தேவாரம் சொல்லித் தருகிற ஐயாக்களும் அம்மாக்களும் அதில் இருப்பார்கள்.

திருக்குறளில் 95-ஆவது அதிகாரம் மருந்து. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பங்காகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனித்துக் கொடுப்பவர். என் கதையில் ஊழல் நுழைந்தது நான்காவது இடத்தில், அதாவது என் வழியாக. மூன்றாவது இடமான மருந்திலேயே அது நுழைந்தால் என்ன ஆகும்? அதற்குப் பம்பாய்க்குப் போக வேண்டும்.

1986 ஜனவரி, பிப்ரவரி. பம்பாயின் ஜே.ஜே. மருத்துவமனை, ஏழைகள் வருகிற பெரிய அரசு ஆஸ்பத்திரி. கண்ணுக்குள் அழுத்தம் கூடினாலும், மூளையில் வீக்கம் இருந்தாலும், அந்தக் காலத்தில் கிளிசரின் குடிக்கக் கொடுப்பார்கள். அது உடம்பிலிருந்து நீரை இழுத்து அழுத்தத்தைக் குறைக்கும். கண் அழுத்த நோய் வயது ஏற ஏற அதிகம் வருவது. அந்த வாரங்களில் கிளிசரின் குடித்தவர்களுக்கு ஒருவர் பின் ஒருவராகக் கிட்னி நின்றுபோனது. 14 பேர் இறந்தார்கள். பரிசோதித்துப் பார்த்தால், ஆஸ்பத்திரிக்கு வந்தது மருந்துத் தரக் கிளிசரின் அல்ல, தொழிற்சாலைகளுக்கு விற்கிற சரக்கு. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது. என் துறைக்காரர்களுக்கு இந்த வேதிப்பொருள் பழக்கம்: பிரேக் எண்ணெயில் வரும், குளிர்விக்கும் திரவத்தில் வரும். இனிக்கும், விலை குறைவு. குடித்தால் கிட்னியைக் கொன்றுவிடும்.

பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி லெண்டின் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. கெட்டுப்போன ஒரு பீப்பாயைத் தேடிக் கிளம்பிய விசாரணை, மருந்து வாங்கும் டெண்டர் முறை, மருந்துத் தரத்தைக் கண்காணிக்க வேண்டிய துறை, அதற்கு மேலே இருந்த அரசியல் தலையீடு என்று ஏறிக்கொண்டே போனது. லஞ்சமும் சலுகையும் கண்காணிப்பை எப்படிச் செல்லாக்காசாக்கின என்பதை அறிக்கை வெளிப்படையாக எழுதியது. அது வந்தபின் மகாராஷ்டிர சுகாதார அமைச்சர் பாய் சாவந்த் பதவி விலக நேர்ந்தது. இதைப் படித்தபோது என்னை உலுக்கியது ஒரு விஷயம். அந்தச் சங்கிலியில் இருந்த யாரும் 14 பேரைக் கொல்ல நினைத்திருக்க மாட்டார்கள். ஒருவர் ஒரு கையெழுத்தை எளிதாகப் போட்டார், ஒருவர் ஒரு சோதனையைச் செய்யாமல் விட்டார், ஒருவர் தனக்கு வேண்டியவருக்கு ஆர்டர் கிடைக்கச் செய்தார். என் 150 வெள்ளியும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அளவுதான் சின்னது.

சரி, இதை மாற்றவே முடியாதா? முடியும், நம் தமிழ்நாடே செய்து காட்டியிருக்கிறது. இது நம்ம இளைஞர்களில் பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குவதில் நடந்த முறைகேடுகள் வெளியே வந்து பெரிய விவகாரம் ஆயின. அதன் பிறகு 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற அரசு நிறுவனம் உருவானது. ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர். பூர்ணலிங்கம் இதில் முக்கியமானவர். 1995-இல் கழகம் மருந்து வழங்கத் தொடங்கியது.

எஞ்சினியர் கண்ணோடு பார்த்தால் அழகான வடிவமைப்பு. மனிதர்கள் எல்லாரும் திடீரென்று நல்லவர்களாகிவிடுவார்கள் என்று அவர்கள் நம்பிக்கொண்டு உட்காரவில்லை. தப்பு செய்ய இடம் எங்கே இருக்கிறது என்று பார்த்து ஒவ்வொரு இடமாக அடைத்தார்கள். அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல், அதில் உள்ளதைத்தான் வாங்கலாம். மருந்தின் பெயர் வேதிப் பெயர்தான், கம்பெனிப் பெயர் இல்லை. டெண்டரில் இரண்டு உறைகள்: முதல் உறையில் தகுதி, இரண்டாவதில் விலை. தகுதியில் தேறாதவரின் விலை உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். வந்து இறங்கிய மருந்தின் மாதிரியை, கம்பெனி பெயர் தெரியாதபடி மறைத்து, எண் மட்டும் போட்டுச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்று சோதிப்பவருக்கே தெரியாது. அப்புறம் யாரிடம் போய் காப்பி காசு கேட்பது? தேறினால்தான் பணம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பாஸ்புக். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும், பேங்க் புத்தகம் மாதிரி ஒன்று கொடுத்தார்கள். அந்த வருஷத்துக்கு அவர்களுக்கு எவ்வளவு மதிப்புள்ள மருந்து என்று அதில் இருக்கும். மாவட்டக் கிடங்கில் புத்தகத்தைக் காட்டித் தேவையானதை எடுக்கலாம், எடுத்தது அதில் பதிவாகும். மருந்தை அட்டையில் அடைத்து, அரசாங்க மருந்து, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்தார்கள். திருடி வெளியே விற்பது கஷ்டமாகிவிட்டது. விலை இறங்கியது, அதே பணத்துக்கு அதிக மருந்து கிடைத்தது. பின்னால் கேரளாவும் ராஜஸ்தானும் இதே மாதிரி கழகங்களை அமைத்தன. தமிழ்நாட்டில் ஊழல் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை, சிரிக்காதீங்க. இந்த ஒரு குழாயில் ஓட்டையை அடைத்தார்கள், அவ்வளவுதான். அந்தக் குழாயின் மறுமுனையில் ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு நிற்கிற எத்தனை பாட்டிகள் என்று யோசியுங்கள்.

பக்கத்து இலங்கையில் நேர் எதிராக நடந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. அவசரம் என்ற பெயரில் வழக்கமான பதிவு நடைமுறையைத் தாண்டி மருந்துகள் வாங்கப்பட்டன. 2023-இல் நுவரெலியா மருத்துவமனையில் புரை அறுவை செய்துகொண்ட சிலர், பிறகு போட்ட கண் சொட்டு மருந்தால் பார்வை இழந்தார்கள். நம் மலையகத் தமிழர்கள் வாழும் பகுதி அது. அதே ஆண்டு தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து விவகாரம் வெடித்தது. அது வாங்கப்பட்டபோது சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பிப்ரவரியில் கைதானார். வழக்கு நீதிமன்றத்தில், தீர்ப்பை நான் சொல்லக் கூடாது. சொட்டு மருந்து விஷயத்திலும் லஞ்சம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. சோதனையைத் தாண்ட ஒரு குறுக்கு வழி திறந்து வைத்தால், நல்லவனும் கெட்டவனும் அதே வழியில்தான் வருவார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் பாட்டிக்குப் போட்டதும் கண் சொட்டு மருந்துதான். அறுவைக்குப்பின் ஒரு மாதம், நாளைக்கு நாலு தடவை நானே போட்டுவிட்டேன். அந்தச் சின்னக் குப்பியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூட நான் சந்தேகப்பட்டதில்லை. அந்த நம்பிக்கையை யாரோ முகம் தெரியாத ஒருவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்து எனக்குக் கொடுத்திருக்கிறார்.

நம் நாட்டுக்கு வருவோம். கோவிட் காலத்தில் அவசரமாக 136 சுவாச இயந்திரங்கள் வாங்கப்பட்டன. அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை பயன்படுத்த முடியாத நிலையில் இருந்தன, அரசுக்குச் சுமார் 13 மில்லியன் வெள்ளி நஷ்டம் என்று தேசியக் கணக்காய்வு அறிக்கை சொன்னது. முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை என்பது அதில் பெரிய குறை. இதை ஊழல் என்று நான் எழுதவில்லை, கவனிக்கவும். ஆனால் கையெழுத்து இல்லாத ஒரு காகிதம் எவ்வளவு விலை ஆகும் என்று பாருங்கள். கோவிட்டில் அதிகம் இறந்தவர்கள் வயதானவர்கள்.

நம்ம ஜொகூரில், 2016 அக்டோபர் 25-ஆம் தேதி சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்து ஆறு நோயாளிகள் இறந்ததை உங்கள் அப்பா அம்மா மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தீக்கும் லஞ்சத்துக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. முன்னாள் நீதிபதி ஹிஷாமுடின் யூனுஸ் தலைமையில் சுயேச்சை விசாரணைக் குழு அமைத்தார்கள். அறிக்கை முடிந்தும் அது உடனே மக்கள் கையில் வரவில்லை. ஊழலோ கவனக்குறைவோ, என்ன நடந்தது என்று தெரிந்தால்தானே அடுத்த கட்டடத்தில் திருத்த முடியும்? எழுந்து ஓட முடியாதவர்கள் படுத்திருக்கிற இடம் அது.

டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் ஊழல் குறியீட்டில் மலேசியா 2019-இல் 100-க்கு 53 புள்ளி வாங்கியது. 2022-இல் 47-க்கு இறங்கியது, 2023-இலும் 2024-இலும் 50. எங்கள் பல்கலைக்கழகத்தில் இது சுமாரான சி கிரேடு.

சட்டத்தையும் படிக்க வேண்டும், நானும் இப்போதுதான் படித்தேன். 2009-ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். 20 ஆண்டுவரை சிறை, லஞ்சத் தொகையைப் போல ஐந்து மடங்கு அல்லது பத்தாயிரம் வெள்ளி, எது அதிகமோ அது அபராதம். என் 150 வெள்ளிக்கு இது பொருந்தும். பிரிவு 25 இன்னும் கிட்டத்தில் வருகிறது: நம்மிடம் லஞ்சம் கேட்டாலே அதைப் புகார் செய்ய வேண்டியது நம் கடமை, தக்க காரணம் இல்லாமல் சும்மா இருப்பதும் குற்றம். "எனக்கென்ன, நான் கொடுக்கலயே" என்று நகர முடியாது. ஆணையத்தின் இலவச எண் 1-800-88-6000. திருமூலர் இயமத்தைச் சொல்லும்போது கொல்லாமை, பொய்யாமைக்குப் பக்கத்திலேயே களவின்மையையும் வைக்கிறார். வகுப்பில் மனப்பாடம் செய்தபோது களவு என்றால் அடுத்த வீட்டுச் சைக்கிள் என்றுதான் நினைத்தேன். வரிசையில் ஒருவரின் நாளும் களவு போகும் என்று பாட்டி கேட்டபிறகுதான் உறைத்தது.

அந்த அண்ணனைப் போன்றவர்கள் எங்கே பிழைக்கிறார்கள் என்று நாங்கள் சில பேர் உட்கார்ந்து யோசித்தோம். பெரும்பாலும் ஃபாரத்தில்தான். சமூகநல இலாகாவின் முதியோர் உதவித் தொகை 2025-இல் மாதம் 600 வெள்ளியாக உயர்ந்தது. பெக்கா பி40 திட்டத்தில் 40 வயதைத் தாண்டிய பி40 குடும்பத்தாருக்கு இலவசப் பரிசோதனை உண்டு, சிகிச்சைக்குப் போய்வரப் பயணச் செலவும் உண்டு. இவற்றுக்கு விண்ணப்பிக்க ஒரு காசு வேண்டாம். ஆனால் ஃபாரம் மலாயில், பாதி இப்போது இணையத்தில். எங்கள் தோட்டத்துப் பாட்டிகள் அதைக் கண்டாலே பயந்து, "யாராச்சும் தெரிஞ்சவங்க" என்று தேடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் ஐம்பது, நூறு என்று கைமாறுகிறது.

அதனால் போன மாதத்திலிருந்து, சனிக்கிழமை சாயந்திரம் பூஜைக்கு முன்னால், கோயில் மண்டபத்தில் ஒரு மேஜை போட்டு நாங்கள் நான்கு பேர் லேப்டாப்போடு உட்காருகிறோம். முதல் வாரம் பதினோரு பேர் வந்தார்கள். மூன்று பேருக்கு ஃபாரமே தேவைப்படவில்லை. கிளினிக்கிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொன்னாலே போதுமாக இருந்தது. ஒரு பாட்டி எல்லாம் முடிந்தபின் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "எவ்வளவுப்பா?" என்றார். ஒண்ணும் வேணாம் பாட்டி என்றதற்கு நம்பவில்லை. போகும்போது மேஜை மேல் இரண்டு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார். இது லஞ்சமா என்று தம்பி ஒருத்தன் கேட்டான். அதைப் பற்றி அடுத்த வகுப்பில் பேசலாம், யோசித்து வையுங்கள்.

உங்கள் கோயிலிலும் இப்படி ஒரு மேஜை போட நினைத்தால், வருகிறவர்களிடம் ஐ.சி., பேங்க் புத்தகம், கிளினிக் அட்டை மூன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கண் கண்ணாடியையும் சொல்லுங்கள், பாதிப் பேர் மறந்துவிட்டு வருகிறார்கள்.